வேப்பிலை வைத்துப் போன திருடன்

“சொல்லி முடிக்க விடுங்கம்மா, இது தனி மனிசன்ட குற்றமில்ல, இது குழு—”

“குழுவாவது கிழுவாவது! உள்ளுக்கு வாங்கில குந்தியிரிக்கிறது குழுவா, என்ட தம்பிட மகனா?”

“—குழு மனப்பான்மை. தன்ட குழு உயர வேணுமெண்டா மற்றக் குழு தாழ வேணும். ஆராய்ச்சியில நிரூபிச்ச—”

“ஒரு வெடிச்ச தடிக்காகப் பொடியன்ட கொரியா வேலையில மண்ணள்ளிப் போட்டுட்டு ஆராய்ச்சியாம்! அறுவான், நீ ஊருக்குள்ள வந்த நாளில இரிந்துதான் எல்லாம்!”

“கோபம் வாறது இயல்பம்மா. கோபத்துக்கும் ஒரு கோட்பாடு—”

“செருப்புக்கும் ஒண்டு இரிக்கா? கழட்டவா?”

பொலிஸ் நிலைய வாசலில், வாகை மர நிழலில் நின்ற ஓட்டோவுக்குள் இருந்து சுலோஜனா இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். பொலிஸ் சார்ஜன்ட் வேலையை உதறிவிட்டு மட்டக்களப்பு நகரத்தில் துப்பறியும் நிலையம் திறந்தவள். சண்டை பிடிப்பவர்களை விலக்குவதில்லை என்பது அவள் கொள்கை. சண்டையில்தான் மனிதர்கள் யோசிக்காமல் பேசுவார்கள்.

ஓட்டோவின் சாரதி பிறின்ஸ். அவளுடைய உதவியாளனும் அவன்தான். நாற்பது வயதாகியும் வாய்க்கு மட்டும் பிரேக் கிடையாது.

“அக்கா, விளங்கினதைச் சொல்லவா? பொலிசில முறைப்பாடு போட்டது கோயிலை நிர்வகிக்கிற வண்ணக்கர் சீனித்தம்பி. அந்தப் பொடியன் நிரபராதி எண்டு காட்ட நம்மளைப் பிடிச்சது இந்த அன்னப்பூரணி. வண்ணக்கர்ட பெண்சாதி. புருஷன் கட்டுறார், பெண்சாதி அவிழ்க்க ஆள் பிடிக்கிறா. கலியாணம் எண்டா இதுதான்.”

“அவ தென்சேரி. அவர் வடசேரி.”

“ஓம். சேரி தகப்பன் வழியில வாறது. கொம்புக் காலத்தில ஒரே அடுப்பில ரெண்டு கட்சி வேகும்.”

மழை பிந்திய வருடம் அது. செட்டிபாளையம் தாண்டி, வாவிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் தில்லைமுனை என்ற ஊர், கண்ணகி அம்மனுக்குக் கொம்பு முறிப்பதென்று முடிவெடுத்திருந்தது. வளைந்த இரண்டு மரக் கொம்புகளை ஒன்றோடொன்று கொளுவி, வடசேரி ஒரு பக்கமும் தென்சேரி ஒரு பக்கமும் வடம் பிடித்து இழுக்கும். எவருடைய கொம்பு முறிகிறதோ அவர்கள் தோற்றார்கள். வென்றவர்கள் வசைப்பாட்டுப் பாடுவார்கள். நேற்று விடியற்காலை வடசேரியின் கொம்பு பந்தலில் இருந்து காணாமற் போனது. கண்ட சாட்சி ஒருவர்தான்: அன்னப்பூரணியின் செருப்புக்குத் தப்பி நிற்கும் இந்த ஆலோசகர் நிலோஜன்.

நிலோஜன் கொழும்பில் சமூக உளவியல் படித்தவன். படித்ததைக் கைப்பேசிக் காணொளிகளாக வெட்டி, மட்டக்களப்பு முழுவதற்கும் ஊட்டிக்கொண்டிருந்தான். ஒரு வெளிநாட்டு நிறுவனத்துக்காக ‘இரு சேரி நல்லிணக்கத் திட்டம்’ என்று தில்லைமுனையில் செயலமர்வு வைத்தான். தென்சேரிக்குச் சிவப்பு ரீசேட், சிவப்புத் தொப்பி, வடசேரிக்கு நீலம். கொம்பு காணாமற் போன விடியலில் பந்தலில் இருந்து சிவப்பு ரீசேட் ஒன்று வெளியே போனதைத் தன் கண்ணால் கண்டதாகச் சொன்னான். ஊர்ப் பெரியவர்கள் தென்சேரிக்காரரின் சிவப்பு ரீசேட்டுகளைக் கொண்டுவரச் சொன்னார்கள். எல்லாரும் கொண்டுவந்தார்கள். ஜெயந்தனைத் தவிர.

நிலையப் பொறுப்பதிகாரியான ஓ.ஐ.சி கொஞ்சம் பொறுமையான மனிதர். பின்னேரம் வரை பார்ப்பேன் என்றார். வண்ணக்கர் முறைப்பாட்டை வாபஸ் வாங்கினால் பொடியனை விடுவார். இல்லையென்றால் வழக்கு. வழக்கு விழுந்தால் பொலிஸ் நற்சான்று கிடையாது. நற்சான்று இல்லையென்றால் ஜெயந்தன் பாஷை படித்துப் பாஸ் பண்ணி வைத்திருக்கும் கொரியா வேலையும் கிடையாது.

நிலோஜன் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு சுலோஜனாவிடம் வந்தான்.

“மேடம், நீங்க படிச்சவங்க. உங்களுக்கு விளங்கும். நான் கெதியாப் போகவேணும், பின்னேரம் ஊரில படப்பிடிப்பு.”

“போங்க. நாங்களும் பின்னால வாறம்.”

“நல்லம். இண்டைக்கு நீங்க ஒரு சரித்திரத்தைக் காணப் போறீங்க.”

அவன் வேன் புழுதி கிளப்பிப் போனது.

“சரித்திரத்துக்கு முன்சில்லு காத்துக் காணாது,” என்றான் பிறின்ஸ்.

உள்ளே, சுவரோர மர வாங்கில் ஜெயந்தன் இருந்தான். எழுந்தபோது விசிறிக்குத் தலையைத் தாழ்த்த வேண்டியிருந்தது. அவ்வளவு உயரம்.

“ரீசேட் எங்க, தம்பி?”

“கொடியில காயப் போட்டன். காணல்ல.”

“என்ன அளவு?”

“ஆகப் பெரிசு. மத்ததெல்லாம் எனக்குத் தொப்புளுக்கு மேல நிக்கும்.”

“ஆருக்குக் குடுத்த?”

“காணல்ல எண்டன் அக்கா.”

“கொடியில களவு போனா ஆரையாவது ஏசியிருப்பாயே?”

அவன் நிலத்தைப் பார்த்தான். பிறின்ஸ் குனிந்து அவன் முகத்தைத் தேடினான்.

“மனே, உடுப்புக் களவு போனவன் நாலு பேரைத் திட்டுவான். நீ செத்தவீட்டில நிக்கிற மாதிரி நிக்கிறாய். அது காணாமப் போன உடுப்பில்ல, குடுத்த உடுப்பு.”

ஜெயந்தன் மறுபடி வாங்கில் உட்கார்ந்துவிட்டான். அதற்குமேல் அவனிடம் கேட்க ஒன்றுமில்லை என்று சுலோஜனா எழுந்துவிட்டாள்.

அன்னப்பூரணியையும் பின் ஆசனத்தில் ஏற்றிக்கொண்டு ஓட்டோ தெற்கே திரும்பியது. தில்லைமுனைச் சந்தியில் அப்துல் கபூரின் தேநீர்க் கடை. சுலோஜனா இறங்கிப் பிளேன்டீ கேட்டாள். அன்னப்பூரணி இறங்கவில்லை.

“அது ஜெயந்தன்தான், தங்கச்சி,” என்றார் அப்துல் கபூர், கேட்காமலேயே. “எல்லாரும் கண்டிரிக்காங்க.”

“நீங்களும் கண்டீங்களா, நானா?”

“நான் நேத்து விடிய காத்தான்குடியில நிண்ட. ஆனா கண்ட மாதிரித்தான் இரிக்கி.”

“நேத்து விடிய ஒருத்தர் கண்டார். இப்ப எத்தினை பேர்?”

“நிலோஜன் சேர் முகநூலில போட்டாப் பொறகு பாதி ஊர் கண்டிட்டு. மீன் பிடிக்கப் போனவங்களும் கண்டிட்டாங்க, வாவிக்குள்ள இரிந்து.”

“ஆக்கள் சொல்றதுக்காகத் தாங்களும் கண்டதெண்டு சொல்றாங்க.”

“தெரியுமே! அதுக்குப் பேர் இணங்கல். நாம ஒண்டை நம்பினா அதுக்குத் தோதானதுதான் கண்ணில படும், அது உறுதிப்படுத்தல் சாய்வு. சேர் போனில சொல்லித் தந்தது. என்ட பேரப்புள்ளைக்கும் தெரியும்.”

“சாய்வு எண்டு தெரிஞ்சும் சாயுறீங்களே, நானா?”

“தெரிஞ்சு சாஞ்சா விழமாட்டம்தானே.”

பிறின்ஸ் பிளேன்டீயைப் புரைக்கேறக் குடித்தான். ஓட்டோவுக்குத் திரும்பும்போது சொன்னான்: “அக்கா, முந்தி இவங்களுக்கு வருத்தத்துக்கு மட்டும்தான் பேர் தெரியும். காய்ச்சல் எண்டு சொல்லிட்டுப் பனடோல் குடிப்பாங்க. இப்ப புத்திக் கோளாறுக்கும் பேர் தெரியுது. சொல்லிட்டுக் குடிக்கிறதுதான் இல்ல.”

“அது மருந்துட பிழையில்ல, பிறின்ஸ். போத்தலை அலுமாரியில வெச்சிட்டு லேபிளை வாசிக்கிறவன்ட பிழை.”

வாவிக்கரையில் ஊரே நின்றது. நிலோஜனின் வேன் மணலில் நிற்க, அதன் முன்பக்கத்தில் வடம் கட்டியிருந்தது. ஒரு பக்கம் சிவப்பு, ஒரு பக்கம் நீலம். நடுவில் நிலோஜன், கையில் ஒலிபெருக்கி. கமரா பிடிப்பவன் மரத்தில் ஏறியிருந்தான்.

“நண்பர்களே! வேன் புதைந்துவிட்டது! தனியாக ஒரு சேரியால் இழுக்க முடியாது! இரண்டு சேரியும் சேர்ந்தால்தான் முடியும்!”

“ஏன் சேர் தள்ளிப் பாக்கல்ல?” என்று கூட்டத்தில் ஒரு குரல்.

“தள்ளுவது திட்டத்தில் இல்லை!”

இழுத்தார்கள். வேன் நடுங்கியது; நகரவில்லை. பிறின்ஸ் மெதுவாகப் போய்ச் சாரதிப் பக்கக் கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு வந்தான்.

“அக்கா, சில்லு மணலுக்குள்ள ரெண்டு விரல் கூட இல்ல. ஹாண்ட் பிரேக் போட்டிரிக்கி.”

சுலோஜனா நிலோஜனைத் தில்லை மரப் பக்கம் கூப்பிட்டாள். அவன் வியர்வையைத் துடைத்துக்கொண்டு பெருமையோடு வந்தான்.

“பிரேக்கைக் கண்டிட்டீங்களா? சொல்லிடாதீங்க மேடம். இது உலகப் புகழ் பெற்ற பரிசோதனை. அமெரிக்காவில ஒரு முகாம். பொடியன்மாரை ரெண்டு குழுவாப் பிரிச்சு, போட்டி வெச்சு, பகைய உண்டாக்கினாங்க. ஒருத்தர்ட கொடிய மற்றவர் எரிக்கிற அளவுக்குப் போச்சு. பிறகு ஒரு லொறி நிண்டுபோச்சு எண்டு எல்லாரையும் சேர்த்து வடத்தால இழுக்க வெச்சாங்க. பகை போயிட்டுது!”

“அந்தப் பொடியன்மார் அதுக்கு முதல் ஒருத்தரை ஒருத்தர் அறிவாங்களா?”

“இல்ல, இல்ல. எல்லாரும் அந்நியர். அதுதான் அந்தப் பரிசோதனைட அழகு.”

“இஞ்ச நிக்கிறவங்க மச்சான்மார். மாமனும் மருமகனும். வருசக்கணக்கா வசைபாடி, வடம் இழுத்து, கொம்பை முறிச்சிட்டு, மறுகா ஒண்டாக் குந்திச் சோறு தின்னுறவங்க. சண்டைக்கும் சமாதானத்துக்கும் ஒரே வடத்தை வெச்சிருக்கிற ஊருக்கு நீங்க வேன் கொண்டுவந்திரிக்கிறீங்க.”

“அது... உள்ளூர்க் காரணி. அறிக்கையில ஒரு பந்தி எழுதலாம்.”

“ரீசேட் எப்பிடிப் பங்கிட்டீங்க?”

“குடும்ப அட்டைப்படி. வீட்டுக்கு ஒரு நிறம். ஒரு வீடு எண்டா ஒரு குழுதானே?”

ஓட்டோவுக்குள் இருந்து அன்னப்பூரணியின் குரல் பாய்ந்தது. “எனக்கும் நீலத்தை மாட்டிப் படம் பிடிச்சான், இந்த விசரன்! என்ட அப்பன் செத்தும் தென்சேரி!”

“குடும்ப அட்டைய நம்பி ஊரைப் பிரிச்ச முதல் ஆள் நீங்கதான் சேர்,” என்றான் பிறின்ஸ். “வெள்ளைக்காரனுக்கும் தோணல்ல.”

சுலோஜனா குரலைத் தாழ்த்தினாள்.

“அங்க முதல்ல பகை. அதுக்குக் கொடி. பிறகு லொறி. இஞ்ச லொறிக்கு வேன் வந்திட்டுது. கொடிக்குக் கொம்பு போச்சுது. எடுத்தது நீங்கதான், நிலோஜன்.”

நிலோஜனின் முகம் வெளிறியது. கமராவைப் பார்த்தான், வேனைப் பார்த்தான்.

“சத்தியமா இல்ல மேடம்! எனக்குப் பகை தேவைதான், மறைக்கல்ல. போட்டி வெச்சன், படம் காட்டினன், ஒருத்தனும் சண்டை பிடிக்கல்ல. சிரிச்சிட்டுத் தேத்தண்ணி குடிச்சாங்க. திட்டமே கவிழப் போகுது எண்டு நித்திரையில்ல. அப்பதான் கொம்பு காணாமப் போச்சு. தானா! கோட்பாடு வேலை செய்யுது எண்டு நான் அழுதிட்டன், சந்தோசத்தில.”

சுலோஜனா அவன் முகத்தைப் பார்த்தாள். பொய் சொல்வதற்கு வேண்டிய கெட்டித்தனம் அந்த முகத்தில் இல்லை.

“சரி. என்ன கண்டீங்க? குழுவைச் சொல்ல வேணாம். கண்ணால கண்டதைச் சொல்லுங்க.”

“சூரியோதயம் எடுக்க ரோட்டில நிண்டன். பந்தலுக்குள்ள இரிந்து தென்சேரிக்காரன் ஒருத்தன்—”

“தென்சேரிக்காரன் எண்டு நெத்தியில எழுதியிரிந்ததா?”

“...சிவப்பு ரீசேட். சிவப்புத் தொப்பி. கையில துணி சுத்தின ஏதோ.”

“முகம்?”

“தொப்பி மறைச்சுது.”

“ரீசேட் எவ்வளவுக்கு நிண்டது?”

“முழங்கால் வரைக்கும் இரிக்கும்.”

“ஜெயந்தன் உள்ளுக்கு எழும்பினா விசிறி இடிக்குது. அவனுக்கு எப்பிடி அது முழங்காலுக்கு வரும்?”

நிலோஜன் யோசித்தான். முகம் மலர்ந்தது. “குற்றவுணர்ச்சி! குற்றம் செய்யிறவன் கூனிக் குறுகுவான். உடல் மொழி மேடம்.”

“கூனினாத் தலைதான் பதியும் சேர்,” என்றான் பிறின்ஸ். “சேட் வளருமா?”

“நடை எப்பிடி?”

“நடை... சும்மா நடை.”

“இந்த ஊரில வேற ஆர் அந்த நேரம் நிண்டிருந்தாலும் நடையப் பாத்துப் பேர் சொல்லியிருப்பாங்க. தொப்பியும் சேட்டும் பாத்து ஆள் பிடிக்கிற ஒரே ஆள்ட கண்ணில மாட்டினதுதான் அந்தக் கள்வன்ட அதிஷ்டம்.” சுலோஜனா திரும்பினாள். “அந்தப் பொடியன்ட கெட்ட காலமும் அதுதான்.”

ஓட்டோவில் ஏறும்போது அன்னப்பூரணி சேலைத் தலைப்பை இழுத்துத் தலையில் போட்டிருந்தாள். வெயில் அந்தப் பக்கம் அடிக்கவில்லை.

கொம்புப் பந்தல் வண்ணக்கர் வீட்டு வளவுக்கு முன்னால் இருந்தது. இரண்டு மேடை. தெற்கு மேடையில் தென்சேரிக் கொம்பு, வெறும் மரமாக, மஞ்சள் பூசி, எல்லாரும் பார்க்கக் கிடந்தது. வடக்கு மேடை வெறுமை. வெறுமை என்றும் சொல்ல முடியாது. கொம்பு இருந்த இடத்தில் ஒரு கொத்து வேப்பிலை. பக்கத்தில் விளக்கு.

“இதை ஆர் வெச்சது?” என்றாள் சுலோஜனா.

வண்ணக்கர் சீனித்தம்பி துண்டை உதறித் தோளில் போட்டார். “கள்ளன்தான். நாங்க வரக்குள்ளேயே கிடந்தது. தொடல்ல.”

“விளக்கு?”

“எரிஞ்சு கொண்டுதான் இரிந்தது. எண்ணெய் புதுசா விட்டிரிந்தது.”

பின்னால் ஓடிவந்து சேர்ந்த நிலோஜன் மூச்சு வாங்கினான். “குறியீட்டு வன்முறை! வென்ற குழு தோற்ற குழுவின் புனித இடத்தில தன்ட அடையாளத்தை—”

“வேப்பிலை எந்தக் குழுட அடையாளம் சேர்?” என்றான் பிறின்ஸ். “ஆடும் திங்கிது.”

“பகையாளி எண்டா மேடையைக் கவிழ்த்திருப்பான்,” என்றாள் சுலோஜனா. “துப்பியிருப்பான். இவர் விளக்குக்கு எண்ணெய் விட்டு, அம்மன்ட இடம் வெறுமையாக் கிடக்கக் கூடாதெண்டு கொத்து வெச்சிட்டுப் போயிரிக்கார்.”

“பஸ்ஸில சீட் பிடிக்க லேஞ்சித் துண்டு போடுற மாதிரி!” என்றான் பிறின்ஸ்.

“அதேதான். திரும்பி வாற எண்ணம் உள்ளவன்தான் லேஞ்சி போடுவான்.”

பந்தலைச் சுற்றி ஆட்கள் கூடிவிட்டார்கள். வேனை விட்டுவிட்டுச் சிவப்பும் நீலமும் கலந்து வந்திருந்தன. சுலோஜனா எல்லாருக்கும் கேட்கும்படி மரியாதையாகக் கேட்டாள்:

“வண்ணக்கர் ஐயா, கொம்பு எப்பிடிப்பட்டது?”

“வைரம். இவங்கட கொம்பு அதுக்கு ஈர்க்கு.” தென்சேரிப் பக்கம் சிரிப்பும் கூக்காட்டலும்.

“ஒரு கீறல்?”

“ஒரு மயிரளவு இல்ல.”

“ஆர் ஆர் பாத்திரிக்காங்க?”

“நான் மட்டும்தான். வெட்டினது நான், பட்டுச் சுத்தினது நான், முடிச்சுப் போட்டது நான். களத்தில இறக்கிற நேரம் வரைக்கும் மற்றவன் கண் படக் கூடாது.”

“அவங்கட கொம்பு திறந்துதானே கிடக்கு?”

“அவங்களுக்கு மரியாதை தெரியா.”

“அப்ப உங்களைத் தவிர ஒருத்தரும் அந்தக் கொம்பை வெறுமையாக் காணல்ல. அம்மன் சாட்சியா?”

சீனித்தம்பி ஊரைப் பார்த்தார். ஊர் அவரைப் பார்த்தது.

“அம்மன் சாட்சியா.”

நிலோஜன் சுலோஜனாவின் காதருகே கிசுகிசுத்தான்: “மேடம், ஊருக்கு முன்னால ஒரு சொல்லைச் சொன்னா மனிசனால அதில இரிந்து இறங்க ஏலா. இதுக்கு ஒரு பேர் இரிக்கி—”

“எனக்கும் தெரியும். அதாலதான் பேரைச் சொல்லாமக் கேட்டன். பேசாம நில்லுங்க.”

அவள் தண்ணீர் வேண்டும் என்று சொல்லிக்கொண்டு வண்ணக்கர் வீட்டுக் குசினிப் பக்கம் நடந்தாள். அன்னப்பூரணி செம்பு எடுக்க முன்னே போனாள். சீனித்தம்பி பின்னே வந்தார். பிறின்ஸ் நிலோஜனை வாசற்படியில் மறித்து, பிறகு, “வாங்க சேர், இலவச செயலமர்வு,” என்று உள்ளே விட்டு, படலையைச் சாத்தினான்.

சுலோஜனா தண்ணீரைக் குடித்து முடித்தாள்.

“அக்கா, காலையில பொலிஸ் வாசலில இவரை ஏசக்குள்ள ஒண்டு சொன்னீங்க. ‘ஒரு வெடிச்ச தடிக்காக’ எண்டு.”

“கோவத்தில ஆயிரம் சொல்லுவன்.”

“ஊத்தைத் தடி எண்டிருக்கலாம். உக்கின தடி எண்டிருக்கலாம். வெடிச்ச தடி எண்டீங்க. பட்டுக்குள்ள கிடந்த கொம்பு. ஒருத்தரும் காணாத கொம்பு. வெடிச்சது உங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

அடுப்பில் ஏதோ பொங்கி வழிந்தது. ஒருவரும் இறக்கவில்லை.

“வெடிக்கல்ல!” என்றார் சீனித்தம்பி. மிக வேகமாகச் சொன்னார்.

அன்னப்பூரணி அவரைத் திரும்பிப் பார்த்தாள். செம்பைத் தண்ணீர்ப் பானைமேல் கவிழ்த்து வைத்தாள்.

“பச்சை மரத்தை அவசரத்தில தறிச்சு வெயிலில போட்டாரு. வெடிச்சிட்டு. வெடிப்புக்குள்ள தேன்மெழுகு தேச்சிப் பட்டுச் சுத்தினாரு. அறைக்குள்ள ஒளிச்சுத்தான் செஞ்சாரு. மெழுகு உருக்கினது என்ட தாச்சிச் சட்டியில. கழுவினது நான்.”

“அன்னம்!”

“பறையாம இரிங்க. நான் பறையிறன்.” சுலோஜனாவைப் பார்த்தாள். “வடத்தைத் தொட்ட உடன முறியிற கொம்பு அது. வைரம் வைரம் எண்டு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சவர். முறிஞ்சா தென்சேரி என்ன பாட்டுப் படிக்கும் எண்டு எனக்குத் தெரியும். கொம்பு முறிக்கிற வருசமெல்லாம் தென்சேரிக்குப் பாட்டுக் கட்டிக் குடுக்கிறது நான். இவரை நினைச்சு ரெண்டு அடியும் வந்திட்டு. நல்ல அடி. அதைப் படிச்சா இந்த மனிசன் மறுகா ரோட்டில தலை நிமித்தாது.”

“அதனால எடுத்தீங்க.”

“காணாமப் போனாப் புதுசு வெட்டுவாங்க, கொஞ்சம் பிந்தி முறிக்கலாம் எண்டு நினைச்சன். இவர்ட சாரத்தை உடுத்தி, மேலுக்குப் போட ஜெயந்தனிட்டச் சேட்டையும் தொப்பியையும் கேட்டன். எதுக்கு மாமி எண்டும் கேக்கல்ல. அறுந்த புள்ளை, இன்னும் வாய் திறக்கல்ல.”

“ஏன் அக்கா சேட்?”

அவளுடைய விரல் நிலோஜனை நோக்கி நீண்டது.

“இவன்தான்! செயலமர்வில நிண்டு சொன்னான், எல்லாரும் ஒரே உடுப்புப் போட்டாத் தனி ஆளுக்கு முகமில்லாமப் போகும், பழி எல்லார் மேலயும் பரவும், ஒருத்தர் மேலயும் விழாது எண்டு. நான் நம்பிட்டன்! அத்தினை சிவப்புச் சேட்டில ஆரைப் பிடிப்பாங்க எண்டு நம்பிட்டன்!”

நிலோஜன் வாயைத் திறந்தான். “கோட்பாட்டின்படி அது சரி அம்மா. ஆனா ஆய்வுகூடச் சூழ்நிலையில—”

“சேர்,” என்றான் பிறின்ஸ், “உங்கட வேன் கூப்பிடுது. பிரேக் போட்டு வெச்சிட்டீங்களாம்.”

“ஆனா இது எனக்கு விளங்கல்ல,” என்று நிலோஜன் உண்மையாகவே கேட்டான். “நீங்க தென்சேரி. வடசேரி தோத்தா உங்களுக்கு வெற்றி. நீங்க ஏன்... நீங்க எந்தக் குழு?”

அந்தக் கேள்விக்கு அன்னப்பூரணியின் முகத்தில் இருந்தது, பாத்திரத்தில் ஒட்டிய கரியைப் பார்க்கும் பார்வை.

சீனித்தம்பி படலைக்கு வெளியே எட்டிப் பார்த்தார். குரல் இறங்கியிருந்தது.

“சரி. நடந்தது நடந்திட்டு. கொம்பைச் சாக்கில கட்டி வாவிக்குள்ள போட்டிருவம். நான் பொலிசுக்குப் போய் வாபஸ் வாங்கிறன். பொடியன் வரட்டும்.”

“ஓ.ஐ.சி விட்டிருவார்,” என்றாள் சுலோஜனா. “ஊர்? கொம்பு வராம அவன் வெளியில வந்தா, வண்ணக்கர் இரக்கப்பட்டு விட்ட கள்ளன் எண்டுதான் பேர். நாளைக்கு நற்சான்றுக்கு ஊரில விசாரிக்க வந்தா, சந்தியில அப்துல் கபூர் நானா சொல்லுவார், நான் கண்டன் எண்டு.”

“அதுக்கு நான் என்ன செய்யிற? ஊருக்கு முன்னால அம்மன் சாட்சியாச் சொல்லிட்டன்!”

“ஓம். சொல்லிட்டீங்க.”

“அப்ப களவு போனது உங்களுக்கும் வசதியா இரிந்திரிக்கி, ஐயா,” என்றான் பிறின்ஸ். இந்த முறை அவன் குரலில் பகிடி இல்லை. “கொம்பு முறியாமலே தப்பிட்டீங்க. அதுக்குப் பொடியன் உள்ளுக்குக் குந்தினாப் பரவாயில்ல.”

சீனித்தம்பி துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். வெளியே தென்சேரிக்காரர் யாரோ ஒரு வசையடி எடுத்துவிட, வடசேரி சிரித்தபடி பதில் அடி போட்டது. மணி நாலரை ஆகியிருக்கும். ஓ.ஐ.சியின் பின்னேரம் நெருங்கிக்கொண்டிருந்தது.

அன்னப்பூரணி அறைக்குள் போனாள். அரிசிப் பெட்டகம் திறக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது பட்டுச் சுற்றிய கொம்பு பிள்ளையைப் போல இரண்டு கையிலும் கிடந்தது. முடிச்சு அவர் போட்டபடியே இருந்தது. அவள் படலையைக் காலால் தள்ளித் திறந்தாள். ஊர் முழுவதும் திரும்பிப் பார்த்தது. அவள் புருஷனைப் பார்த்தாள்.

“வாங்க. பந்தலில வெச்சு, எல்லாருக்கும் முன்னால, இந்தப் பட்டை நீங்க அவிழ்க்கிறீங்களா, நான் அவிழ்க்கவா?”